கனைப்பதற்கும் குரல் வேண்டும்

அப்பாவின் குரல்வளையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "தைப்பூசத்துக்கு முன்னாலயா, பின்னாலயா டாக்டர்?" என்பதுதான். டாக்டர் என்னைப் பார்த்தார். தைப்பூசம் அவருக்குத் தெரியும். அதை ஏன் இந்த நேரத்தில் இந்த மனிதர் கேட்கிறார் என்றுதான் தெரியவில்லை.

துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர் அப்பா. ஆனால் எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் அவரைத் தண்ணீர்ப் பந்தல் மைக்காரர் என்றால்தான் தெரியும். ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் பந்தலில் மைக் பிடிப்பது அவர்தான். காணாமல் போன பிள்ளையை அறிவிப்பது, மோர் தீர்ந்துவிட்டதைச் சொல்வது, காவடிக்கு வழிவிடச் சொல்வது எல்லாம் அவர் வாயால்தான் நடக்கும். "அன்பார்ந்த பக்தகோடிகளே" என்று அவர் ஆரம்பித்தால் தண்ணீர்மலைக் கோயில் உச்சி வரைக்கும் கேட்கும் என்று பந்தல்காரர்கள் பெருமையடித்துக்கொள்வார்கள். அந்தக் குரல்தான் சில மாதங்களாகக் கரகரத்துக்கொண்டிருந்தது. புற்று என்றார்கள்.

"முன்னாலதான்" என்றார் டாக்டர். "தள்ளிப் போட முடியாது."

பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கோ மனசு ஒரு நிலையில் இல்லை. எதையாவது செய்தாக வேண்டும், சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று இருந்தது. அழுகை வருகிற இடத்தில் எனக்குக் கோபம்தான் வரும். கோபம் வந்தால் வேலை செய்வேன். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நான் அப்போது கடல் பாலத்துக்கு அந்தப் பக்கம் புக்கிட் தெங்காவில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெஸ்ட் டெக்னீஷியன். பழுதான போர்டுகளில் எங்கே கோளாறு என்று கண்டுபிடிப்பது என் வேலை. வீட்டு ஹாலில், சாமி மாடத்துக்குப் பக்கத்தில், ஒரு பழைய கணினி வைத்திருந்தேன். அதில் அப்பாவின் குரலில் தேவையான சொற்களையெல்லாம் பதிந்துவிட்டால், ஒரு சொல்லுக்கு ஒரு பொத்தான் என்று வைத்துவிடலாம். பிறகு அவர் பொத்தானை அழுத்துவார், அவர் குரலே பேசும். பஸ் எங்கள் அடுக்குமாடி வாசலுக்கு வருவதற்குள் இதை முடிவு செய்துவிட்டேன்.

அம்மாவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"வாயி இருக்கும்போதே வாயி போன மாதிரி எதுக்கு இதெல்லாம்? நல்லா இருக்கிற மனுஷன உக்கார வெச்சு குரலப் புடிச்சு வெக்கிறது நல்லதில்ல பாப்பா" என்றாள்.

"டாக்டர் சொல்லிட்டாரும்மா."

"டாக்டர் சொல்லுவாரு. அவருக்கென்ன. நான் அந்தப் பக்கமே வர மாட்டேன். என் காதுல போடாதீங்க." சொன்னபடியே, நான் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் அவள் சமையலறைக்குப் போய்விடுவாள். மைக் என்ற சொல்லைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டிருந்தேன். தொழிற்சாலையில் உடன் வேலை செய்த ஒரு சீன நண்பர் குறுந்தட்டில் கொடுத்தது. விண்டோஸ் போட்டால் அன்றைக்கே பாடிவிடும், ஏன் இப்படிக் கிடந்து சாகிறாய் என்று அவரே கேட்டார். எனக்கு ஒரு பிடிவாதம். பிடிவாதத்துக்குக் காரணமும் இருந்தது. லினக்ஸில் சவுண்ட் கார்டும் ஒரு கோப்பு மாதிரிதான். அந்தக் கோப்பிலிருந்து படித்தால் மைக்கில் கேட்பது வரும், அந்தக் கோப்புக்குள் எழுதினால் ஸ்பீக்கரில் ஒலிக்கும். எந்தப் பொத்தானுக்கு எந்தச் சொல் என்பதை நானே சில வரிகளில் எழுதிவிடலாம். கேட்க எவ்வளவு எளிது! கார்டு வேலை செய்தால் எளிதுதான்.

கார்டு வேலை செய்யவில்லை. கொம்தார் கட்டடத்துக் கடையில் வாங்கிய, பெயர் தெரியாத தைவான் கார்டு. எல்லாக் கணினிகளுக்கும் இது ஒத்துப்போகும் என்று அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போட்டிருந்தது. லினக்ஸோ அப்படி ஒரு கார்டு இருப்பதாகவே ஒப்புக்கொள்ளவில்லை. இயங்குதளத்தின் மையமான கெர்னலை, சவுண்ட் கார்டைச் சேர்த்து மறுபடியும் கட்ட வேண்டும். ஒரு முறை கட்டி முடிக்க ஒரு மதியம் முழுக்க ஆகும். திரையில் வரிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அப்பா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார். விழித்ததும், "என்ன பாப்பா, இன்னும் வாயத் திறக்கலையா?" என்பார். நான் இல்லை என்பேன். "சரி, அதுக்கும் தொண்டையில ஏதோ இருக்கு போல" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

ஆபரேஷன் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பாவின் குரல் வாரத்துக்கு வாரம் தேய்ந்தது. காலையில் கொஞ்சம் தெளிவாக இருக்கும், சாயங்காலத்தில் காற்றுதான் வரும். வேலை முடிந்து பாலத்தைக் கடந்து வரும் தொழிற்சாலை பஸ்ஸில் எனக்கு ஒரே நினைப்பு. கார்டு பேசுவதற்குள் அப்பா பேசாமல் போய்விடுவாரோ என்ற பயம். அதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கார்டு கொஞ்சம் அசைந்து கொடுத்தது. ஒரு சோதனை ஒலியை அனுப்பினேன். மணியோசை வர வேண்டும். மணியின் முதல் துணுக்கு மட்டும் வந்து, அதுவே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டு நின்றது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "ரோசாக்கா பாப்பா?" என்றார். எதையும் ரோசாக், பழுது, என்று சொல்லிவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது எங்கள் ஊர் வழக்கம். "ரோசாக் இல்லப்பா, என்னமோ மோதுது" என்றேன்.

மோதல் என்னவென்று அன்று மதியம்தான் பிடிபட்டது. கணினிக்குள் இருக்கும் ஒவ்வொரு கார்டுக்கும், கணினியின் மூளையான செயலியைக் கூப்பிட என்று ஒரு எண் உண்டு. "என் வேலை முடிந்தது, அடுத்ததைக் கொடு" என்று அந்த எண்ணில்தான் அது கூப்பிடும். சவுண்ட் கார்டும் பிரிண்டருக்கான பழைய கார்டும் ஒரே எண்ணில் உட்கார்ந்திருந்தன. சவுண்ட் கார்டு கூப்பிடுவது போய்ச் சேரவில்லை. அதனால் கையில் இருந்த துணுக்கையே அது வாசித்துக்கொண்டிருந்தது. நாள் முழுக்கப் போர்டுகளில் கோளாறு கண்டுபிடிப்பவளுக்கு இது தோன்ற இத்தனை நாள் ஆனது. என் மேலேயே எனக்கு எரிச்சல். பிரிண்டர் கார்டைப் பிடுங்கி வெளியே வைத்தேன்.

இந்த முறை மணி முழுதாக அடித்தது.

அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். நான் மைக்கைச் செருகி, பதியச் சொல்லும் கட்டளையைத் தட்டினேன். "சும்மா டெஸ்ட்தான்பா, இன்னும் ஆரம்பிக்கல" என்றேன். அவர் மைக்கைப் பார்க்கவே இல்லை. சமையலறைப் பக்கம் திரும்பி எதையோ சொன்னார், அம்மா உள்ளேயிருந்து எதையோ சொன்னாள். நான் திரையில் கோப்பு வளர்வதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தினேன். கோப்பு இருந்தது. மைக் வேலை செய்கிறது, அது போதும். அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கக்கூட எனக்குப் பொறுமையில்லை. "அப்பா, வாங்க, ஆரம்பிச்சிடலாம்" என்றேன்.

"இரு" என்று சொல்லி அப்பா அறைக்குள் போனார். வரும்போது தலை வாரியிருந்தார். கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். நெற்றியில் திருநீறு. மைக்குக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணி கேக்குற மாதிரி சொல்லுங்கப்பா."

தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "எனக்கு அருந்துவதற்குச் சற்றுத் தண்ணீர் தேவைப்படுகிறது" என்றார். கரகரப்பையும் மீறிப் பந்தல் கம்பீரம் வந்துவிட்டது.

"வீட்டுல பேசுற மாதிரி பேசுங்கப்பா."

"மைக்ல போயி அப்படிப் பேசலாமா? நாளைக்கு நாலு பேரு கேப்பாங்க லா."

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இருக்கிற குரலை என்னோடு வாதாடியே தீர்த்துவிடுவாரோ என்று விட்டுவிட்டேன். பசி, வலி, மருந்து, விளக்கு, விசிறி எல்லாம் அறிவிப்பாகவே பதிவாயின. மன்னிப்புக் கேட்க ஒரு சொல் வேண்டுமே என்றேன். அம்மாவிடமோ என்னிடமோ அவர் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில், "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றார்.

"அம்மாவ எப்படிக் கூப்பிடுவீங்க? அதையும் சொல்லிடுங்க."

அப்பா மைக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. எனக்குத் தெரிந்து அவர் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. அவளும் அவர் பெயரைச் சொன்னதில்லை. அவருக்கு ஒரு கனைப்பு உண்டு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கனைப்பார், அம்மா அடுப்பில் தேத்தண்ணிக்கு வைத்துவிடுவாள். பெற்ற மகளுக்கு முன்னால், அதுவும் மைக்கில், அவர் எதைச் சொல்வார்?

"அவளுக்கு எதுக்கு ரெக்கார்டு?" என்றார். "நான் கனைச்சாலே அவளுக்குத் தெரியும்."

சரி என்று நானும் விட்டுவிட்டேன். கனைப்பதற்கும் குரல்வளை வேண்டும் என்பது எங்கள் இரண்டு பேருக்குமே அப்போது தோன்றவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பா கழுத்தில் ஒரு துளையோடு வீட்டுக்கு வந்தார். மூச்சு அதன் வழியாகத்தான். கீபோர்டுப் பொத்தான்களில் சொற்களை நான் எழுதி ஒட்டியிருந்தேன். முதல் நாள் அவர் தண்ணீர் பொத்தானை அழுத்தினார். "எனக்கு அருந்துவதற்குச் சற்றுத் தண்ணீர் தேவைப்படுகிறது" என்று ஹால் முழுக்கக் கேட்டது. சமையலறையிலிருந்து அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு எட்டிப் பார்த்தாள். யாரோ வெளியாள் வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். முகத்தில் ஒன்றுமில்லை. கொஞ்ச நாள் போனபின் என்னிடம் தனியாகச் சொன்னாள். "நீ கஷ்டப்பட்டு செஞ்சிருக்க பாப்பா. ஆனா அது உங்கப்பா இல்ல. அது பந்தல்ல பேசுற ஆளு. அவரு ஊருக்குப் பேசுறவரு."

அப்பாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். பொத்தான்களை விட்டுவிட்டுச் சிலேட்டில் எழுதிக்காட்ட ஆரம்பித்தார். ஆனால் சமையலறையில் இருப்பவளுக்குச் சிலேட்டு எப்படித் தெரியும்? ஒரு கைமணி வாங்கி வந்து கொடுத்தேன். அதை அவர் தொடவே இல்லை. "மணி அடிச்சுக் கூப்பிட அவ என்ன வேலைக்காரியா?" என்று சிலேட்டில் எழுதினார். எழுத்து அழுத்தமாக இருந்தது, சாக்குக்கட்டி உடைந்துவிட்டது. மணி சாமி மாடத்துக்குப் போனது.

அதன்பின் அவருக்கு ஏதாவது வேண்டுமென்றால் எழுந்து நடந்து போவார். சமையலறை வாசலில் நின்று அவள் திரும்பும் வரை காத்திருப்பார். அம்மா திரும்பிப் பார்த்ததும் ஒவ்வொரு முறையும் திடுக்கிடுவாள். இத்தனை வருஷமாக, அவர் வருவதற்கு முன்னால் அவர் சத்தம் வந்துவிடும். இப்போது சத்தமில்லாமல் ஆள் நிற்கிறார். அவள் திடுக்கிடுவது அவருக்குத் தெரியும். அது தெரிந்து அவர் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பின்னால் தள்ளி நிற்பார்.

ஒருநாள் அம்மா கஞ்சி வடிக்கப் பானையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது அவர் அங்கே நின்றிருந்தார். பானை சாய்ந்து அவள் மணிக்கட்டில் கஞ்சி கொட்டிவிட்டது. நான் ஓடிப்போய்ப் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லங்க. நீங்க வந்தது தெரியல, அவ்வளவுதான்" என்று அவள் அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பாவின் வாய் அசைந்தது, கழுத்துத் துளையில் காற்று மட்டும் சீறியது. பிறகு வேகமாக ஹாலுக்குப் போனார்.

"தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்றது கணினி.

கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "தடங்கலுக்கு வருந்துகிறோம்."

அம்மா கையைத் தண்ணீரில் வைத்தபடியே அழ ஆரம்பித்தாள். ஆபரேஷன் நாளில்கூட அழாதவள். "போதும் பாப்பா. அத நிறுத்து. எனக்கு அந்த ஆளு வேணாம்" என்றாள். எனக்கும் அன்று தாங்கவில்லை. இவ்வளவு பாடுபட்டு அப்பாவின் குரலைப் பிடித்து வைத்து, அதில் அம்மாவுக்கு ஒரு சொல்கூட இல்லாமல் போய்விட்டதே என்று அழுதேன்.

அம்மாவின் கைக்கட்டை அவிழ்ப்பதற்கு முன்னால் வந்த ஒரு சனிக்கிழமை, கணினியைத் துப்புரவு செய்ய உட்கார்ந்தேன். உண்மையில், எல்லாவற்றையும் அழித்துவிட்டு அதை மூட்டை கட்டிவிடுவதாகத்தான் நினைத்திருந்தேன். அப்பா பக்கத்து நாற்காலியில். சோதனைக் கோப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து அழித்துக்கொண்டு வந்தேன். மணியின் துணுக்கு, வெறும் இரைச்சல், மறுபடியும் மணி. அடுத்த கோப்பை ஓட விட்டேன்.

முதலில் விசிறிச் சத்தம். என் குரல், "இன்னும் ஆரம்பிக்கல" என்றது. பிறகு ஒரு கனைப்பு. அப்பாவின் கனைப்பு.

"இந்தா! இங்க வாயேன். பாப்பா பண்ணிட்டா லா!"

"வரேன், வரேன். கையெல்லாம் மாவா இருக்கு."

அந்தப் பதில் கோப்பிலிருந்து வந்தது. அதே நேரத்தில் சமையலறையிலிருந்தும் ஒரு "வரேங்க" வந்தது. என்ன ஏது என்று யோசிக்காமல் வந்த பதில் அது. அடுத்த நிமிஷம் அம்மா கையில் கட்டோடு ஹால் வாசலில் நின்றாள். அப்பாவைப் பார்த்தாள், அவர் கழுத்தைப் பார்த்தாள். கணினியைப் பார்த்தாள். "கூப்பிட்டீங்களா?" என்றாள்.

அப்பா தலையசைத்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, துடைக்கவில்லை.

கீபோர்டிலேயே நீளமான பொத்தானை அதற்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் தப்பாது. கோப்பின் முன்பக்கத்தில் இருந்த என் பேச்சை வெட்டினேன். பின்பக்கத்தில் அம்மாவின் பதிலையும் வெட்டப் போனேன், அது எதற்கு, நிஜ அம்மாதான் பதில் சொல்வாளே என்று. அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். சிலேட்டை எடுத்து, "அது இருக்கட்டும்" என்று எழுதினார்.

இருந்தது. அதன்பின் எங்கள் வீட்டில் அம்மா எப்போதும் இரண்டு முறை பதில் சொன்னாள், கணினியில் ஒரு முறை, சமையலறையில் ஒரு முறை. "என் பேச்சப் புடிக்கக் கூடாதுன்னுதான் உள்ளேயே இருந்தேன், அங்கயும் வந்து புடிச்சிட்டியே" என்று என்னைத் திட்டுவாள். ஆனால் வாயில் சிரிப்பு இருக்கும். மற்ற பொத்தான்களில் ஒட்டியிருந்த எழுத்துகள் உரிந்துபோயின. யாரும் திரும்ப ஒட்டவில்லை. அவருக்கு அவளைக் கூப்பிட்டால் போதும், மிச்சத்தை அவளே பார்த்துக்கொள்வாள். மாலையானால் தேத்தண்ணி வேளைக்கு அந்தப் பொத்தான் சத்தம் கேட்கும்.

அம்மாதான் முதலில் போனாள். தூக்கத்திலேயே, யாருக்கும் தொந்தரவில்லாமல். நாங்கள் எல்லோரும் அப்பாவுக்காகப் பயந்துகொண்டிருந்தோம், அவளை யாரும் நினைக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து நான் மறுபடி வேலைக்குப் போன முதல் நாள், மாலையில் தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்டு மாடிப்படி ஏறி வந்தேன். எங்கள் வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே விளக்குப் போடவில்லை. செருப்பைக் கழற்றக் குனிந்தேன். அப்போது கனைப்புக் கேட்டது.

"இந்தா! இங்க வாயேன். பாப்பா பண்ணிட்டா லா!"

நான் அப்படியே கதவுக்கு வெளியே நின்றேன். அம்மா பதில் சொல்லி முடிக்கட்டும் என்று.